பனையும் நீர்க்காலும்

கல்லிடைக்குறிச்சி,
ஞாயிறு மாலை.

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ அனுப்பிய குரல் செய்தியை இரண்டு தடவை கேட்டேன். திடப்படுத்தல் வகுப்பில் ஆளுக்கொரு வசனம் சொல்ல வேண்டும், அது ஏன் பிடிக்கும் என்றும் சொல்ல வேண்டும் என்று உங்கள் சபை ஐயர் கேட்டிருக்கிறார். "அத்தை, நீங்களே ஒண்ணு சொல்லிருங்க, சின்னதா இருக்கணும்" என்கிறாய். அந்தக் கடைசி வார்த்தையில் சிரித்துவிட்டேன். உன் அப்பாவும் அப்படித்தான். சண்டே ஸ்கூலில் மனப்பாட வசனம் கேட்டால், மூன்றே சொல் உள்ள யோவான் 11:35-ஐச் சொல்லுவான். மிட்டாயை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவான். லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசு அழுததைச் சொல்லுகிற வசனம் அது. வாரம் தவறாமல் அதையே சொன்னதால் டீச்சர் ஒருநாள் மிட்டாயை நிறுத்திவிட்டார்.

போனிலேயே ஒரு வசனத்தைச் சொல்லி உன்னை அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் சொல்லுவது என் வசனமாக இருக்கும்; உனக்கு அது இரவல் புடவை மாதிரி. ஒரு வசனம் எப்படி ஒருத்தருக்குச் சொந்தமாகிறது என்பதை வேண்டுமானால் சொல்லலாம். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

நான் பிறந்தது சாத்தான்குளம் பக்கம், தேரிக்காட்டு ஓரம் என்று உனக்குத் தெரியும். முதலூர் எங்களுக்கு நடக்கிற தூரம். வேதத்துக்கு வந்ததால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போன குடும்பங்களுக்காக 1799-இல் நிலம் வாங்கி உண்டாக்கின ஊர் அது. அப்படி உண்டானதில் முதல் ஊர் என்பதால் முதலூர். எங்கே பார்த்தாலும் செம்மணல், பனை, மறுபடியும் செம்மணல், பனை. ஆறு கிடையாது. மழை பெய்தாலும் மணல் குடித்துவிடும்.

அந்தப் பக்கத்தில் 92-ஆம் சங்கீதம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீதிமானைப் பனைக்கு ஒப்பிடுகிற வசனம் அதில் இருக்கிறது. என் தாத்தா பனையேறி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தச் சங்கீதம் வாசிக்கும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருவார். "நம்ம மரம் பைபிள்ல இருக்குல்லா" என்பார். குருத்தோலை ஞாயிறன்று நாங்கள் பிடித்துக்கொண்டு போனதும் பனங்குருத்துதான். எருசலேம் தெருவிலும் பனை நின்றது என்று பன்னிரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு விளக்க உரையில் உண்மையைப் படித்தேன். எபிரெயத்தில் இருக்கிற சொல் தாமார், பேரீச்சை மரம். எனக்கு ஒரே ஏமாற்றம், தாத்தாவை யாரோ ஏய்த்துவிட்ட மாதிரி. ஆனால் தேடிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. இஸ்ரவேலர் ஏலிமில் கண்ட 70 மரங்களையும், தெபொராள் உட்கார்ந்து நியாயம் விசாரித்த மரத்தையும் நம் வேதாகமம் பேரீச்சமரம் என்றுதான் சொல்கிறது. மூலத்தில் மூன்று இடத்திலும் ஒரே மரந்தான். ஆக, மொழிபெயர்த்தவர்களுக்குப் பேரீச்சை தெரியாமல் இல்லை. அந்தத் தேசத்து மண்ணில் நிற்கிற மரத்தைப் பேரீச்சையாகவே விட்டிருக்கிறார்கள். மனுஷனுக்கு உவமையாக வரும்போது இந்த மண்ணின் மரம் வந்திருக்கிறது. தண்ணீர் இல்லாத மணலில் நிமிர்ந்து நின்று, அடிமுதல் நுனிவரை பலன் தருகிற மரத்தைப் பார்த்தவர்களிடம் நீதிமான் எப்படி இருப்பான் என்று வேறு எப்படிச் சொல்ல?

உன் கையில் இருக்கிற வசனம் எத்தனை வாய் கடந்து வந்தது என்பதையும் நினைத்துக்கொள். தரங்கம்பாடியில் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715-இல். அதற்குப் பிறகு பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பு. நம் பாளையங்கோட்டைக்கு 1820-இல் வந்து சேர்ந்த இரேனியஸ் சனங்களுக்குப் புரிகிற நடை வேண்டும் என்று திருத்தினார். பிறகு பவர் ஐயர் தலைமையில், முத்தையா பிள்ளை பக்கத்தில் இருந்து உதவ, 1871-இல் ஒரு திருப்புதல் முடிந்தது. நாம் கோயிலில் வாசிப்பது அதன் வழிவந்ததுதான். 150 வருஷத்துக்கு மேலாக ஒரே வரியை உன் பூட்டியும் பாட்டியும் அத்தையும் சொல்லியிருக்கிறோம். அதில் உன் குரல் எங்கே சேருகிறது என்பதுதான் கேள்வி.

1981-இல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். மாமாவுக்கு இங்கே பள்ளிக்கூட வேலை. வந்த புதிதில் பக்கத்து வீட்டு ஆச்சியிடம், "இன்னைக்குச் சாயங்காலம் ஐயர் வந்து வீட்டுக்கு ஜெபம் பண்ணுதாரு" என்றேன். ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்து, "எந்தத் தெரு ஐயரு?" என்று கேட்டாள். அக்கிரகாரம் நிறைந்த கல்லிடையில் குருவானவரை ஐயர் என்று சொன்னால் வேறென்ன கேட்பாள்! அந்த அளவுக்கு ஊர் எனக்குப் புதிது. பதனீர் கிடையாது. கருப்பட்டியைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆனால் தண்ணீர்! தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றான கன்னடியன் அணை ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதிலிருந்து பிரிகிற கன்னடியன் கால் வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று வயல் வயலாகப் போகிறது. ஒரு பசு நடந்த தடத்திலேயே கன்னட தேசத்து ஆள் ஒருவன் கால் வெட்டினான் என்று இங்கே கதை சொல்லுவார்கள்.

ஒருநாள் காலில் துணி அலசிக்கொண்டிருந்தபோது முதலாம் சங்கீதம் ஞாபகம் வந்தது. சின்ன வயதிலிருந்து நூறு தடவை ஒப்பித்திருக்கிறேன். தண்ணீர் ஓரத்து மரம் என்றால் ஆற்றங்கரை மரம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த வசனத்தில் ஆறு என்ற சொல்லே இல்லை; நீர்க்கால் என்று இருக்கிறது. எபிரெயச் சொல்லுக்கும் 'பிரித்துவிட்ட தண்ணீர்' என்றே பொருள். யாரோ மண்வெட்டி பிடித்து, கரை கட்டி, கொண்டுவந்த தண்ணீர். மரமும் தானாக முளைத்தது இல்லை, நட்டது. வேறிடத்திலிருந்து எடுத்துவந்து நட்டது என்றுகூட அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லுகிறார்கள். தேரியிலிருந்து பிடுங்கிவந்து காலோரம் நடப்பட்டவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். துணி ஒரு பக்கம் போக, நான் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து பனை எனக்குப் பிறந்த வீட்டு வசனம், நீர்க்கால் புகுந்த வீட்டு வசனம். இரண்டையும் நான் தேடி எடுக்கவில்லை. மனப்பாடமாக உள்ளே கிடந்தவை, நான் நிற்கிற இடத்தோடு ஒருநாள் பொருந்திக்கொண்டன. அதனால் முதல் காரியம், உள்ளே ஏதாவது கிடக்க வேண்டும். மிட்டாய்க்காகவாவது மனப்பாடம் பண்ணு. எல்லாமே போனில் இருக்கிறது என்பாய். காலில் துணி அலசும்போது போன் கையில் இருக்காது, ஏட்டி.

மனப்பாடம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வேதத்தை இரவும் பகலும் தியானிக்கிறவனைத்தான் அந்தச் சங்கீதம் மரத்துக்கு ஒப்பிடுகிறது. தியானம் என்றால் கண்ணை மூடி மௌனமாக இருப்பது என்று நினைப்போம். எபிரெயத்தில் அங்கே வரும் சொல் ஹாகா. வாய்க்குள் முணுமுணுப்பது என்று பொருள். ஏசாயாவில் இரையைப் பிடித்த சிங்கத்தின் உறுமலுக்கும் புறாவின் முனகலுக்கும் இதே சொல்தான். பக்கத்து வீட்டு ஆச்சி அப்பளத்துக்கு மாவு இடிப்பதைப் பார்த்திருக்கிறாயே. உளுந்து மாவைப் பிசைந்து, உலக்கையால் இடித்து, எண்ணெய் தொட்டு, மறுபடி இடித்து, இழுத்தால் அறுந்துபோகாத பதம் வருகிறவரை விடமாட்டாள். இடிக்கிற நேரமெல்லாம் அவள் வாயில் ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். வசனத்தையும் அப்படி வாயில் போட்டு இடிக்க வேண்டும். பதம் வருவதற்கு முன்னால் உருட்டினால் அப்பளம் வெடித்துப் போகும்.

இரண்டாவது காரியம், வசனத்துக்கு முன்னும் பின்னும் சுற்றி வாசி. புத்தாண்டு ராத்திரி ஆராதனையில் நாம் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையைச் சொல்கிறேன். எடுப்பது தப்பு என்று சொல்லமாட்டேன், நானும் எடுக்கிறேன். அந்த அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. உங்களுக்காகத் தேவன் வைத்திருக்கிற நினைவுகள் சமாதானத்துக்கானவை என்கிற பொருளில் வருவது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளெல்லாம் அதைப் பேனா டப்பாவில் ஒட்டிவைத்திருக்கும். ஆனால் அந்த அதிகாரமே ஒரு கடிதம், தெரியுமா? எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம். சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று வேறு சிலர் ஆசை காட்டிக்கொண்டிருந்தார்கள். எரேமியாவோ, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணம் நன்றாக இருக்க ஜெபியுங்கள் என்று எழுதுகிறார். 11-ஆம் வசனத்துக்கு முந்தின வசனத்தில் கணக்கும் இருக்கிறது: 70 வருஷம். அந்தக் கடிதத்தை 30 வயதில் கேட்டவன் திரும்புகிற நாளில் 100 வயதுக்காரன். பேரப்பிள்ளைகளுக்குப் பலிக்கப்போகிற வாக்கை நம்பித்தான் அவன் தோட்டம் போட வேண்டும். அட்டையில் இந்த 70 இருக்காது. அது தெரிந்த பிறகும் அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டால் அது உன்னுடையது.

மாமாவின் பைபிள் இப்போது என்னிடம் இருக்கிறது. முன்பக்கத்தில் நம் குடும்பத்து ஞானஸ்நானம், கல்யாணம், மரணம் எல்லாம் எழுதியிருக்கும். உள்ளே ஓரங்களில் பென்சிலால் தேதி மட்டும் போட்டிருப்பார், விளக்கம் கிடையாது. எரேமியா 29-இல், வீடு கட்டித் தோட்டம் போடச் சொல்லுகிற இடத்துக்கு நேராக 1981 ஜூன் மாதத்துத் தேதி ஒன்று. நாங்கள் இங்கே குடிவந்த வாரம் அது. நான் ஊரை நினைத்து அழுதுகொண்டிருந்த நாட்கள். அவர் என்னிடம் ஒரு வசனமும் சொல்லவில்லை. கொல்லையில் கொய்யாக் கன்று நட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தேதியை நான் பார்த்தது அவர் போன பிறகு. கொய்யா இன்னும் காய்க்கிறது.

மூன்றாவது காரியம்: வசனம் கேட்கிற வேலையைச் செய்ய வேண்டும். இதற்கு நம் பக்கத்து ஆளையே சொல்கிறேன். களக்காட்டுப் பக்கம் டோனாவூருக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? அங்கே வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867-இல் வட அயர்லாந்தில் பிறந்தவர். இளம்பெண்ணாக பெல்பாஸ்ட் நகரத்தில் இருந்தபோது நடந்ததை அவரே எழுதிவைத்திருக்கிறார். ஒரு மழைநாள் ஞாயிறு. கோயில் விட்டு வருகிற வழியில் ஏழைக் கிழவி ஒருத்தி பெரிய மூட்டையோடு தள்ளாடிப் போகிறாள். இவரும் தம்பிமாரும் மூட்டையை வாங்கிக்கொண்டு, கைத்தாங்கலாக அவளைக் கூட்டிப்போகிறார்கள். எதிரே மரியாதைப்பட்ட கோயில் சனங்கள் வருகிறார்கள். ஏமிக்கு வெட்கமாகப் போய்விட்டது, முகம் சிவக்கிறது. தெருவில் இருந்த ஒரு நீரூற்றைக் கடக்கும்போது, கொரிந்தியருக்குப் பவுல் எழுதின வார்த்தைகள் காதில் விழுந்த மாதிரி இருந்ததாம். அஸ்திபாரத்தின்மேல் பொன், வெள்ளி, ரத்தினம் வைத்துக் கட்டினாலும், மரம், புல், வைக்கோல் வைத்துக் கட்டினாலும், எவன் வேலை நிற்கும் என்று அக்கினி சோதிக்கும் என்று வருமே, அந்த இடம். யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தார். நீரூற்றும் சேற்றுத் தெருவும் போகிற வருகிற சனமுந்தான் இருந்தார்கள். அன்று மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த வசனம் அவரிடம் வந்தபோது கையில் வேதம் இல்லை, மூட்டை இருந்தது. 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். 1901-இல் இந்துக் கோயிலில் விடப்பட்டிருந்த ஒரு சிறுமி தப்பி ஓடிவந்து அவரிடம் சேர்ந்ததிலிருந்து, போக்கிடம் இல்லாத குழந்தைகளை வளர்ப்பதே அவர் வேலையாயிற்று. 1931-இல் விழுந்து அடிபட்ட பிறகு, 1951-இல் கண் மூடுகிறவரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே இருந்தார். ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரை அடக்கம் பண்ணின இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்கிற தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் செதுக்கியிருப்பது தாயைக் குறிக்கிற ஒரே சொல். நிலைக்கிறது எது என்று ஒரு நீரூற்றின் பக்கத்தில் எழுந்த கேள்விக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி பதிலாக நிற்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமான விஷயம். உனக்கும் வயதாகிவிட்டது, சொல்லலாம்.

நீர்க்கால் எப்போதும் ஓடாது. கார், பிசானம் என்று இரண்டு பூவுக்கு, அதாவது இரண்டு போகத்துக்கு, தண்ணீர் வரும். பிசான அறுப்பு முடிந்து கோடை பிறந்தால் காலை அடைத்துவிடுவார்கள். சித்திரையில் போய்ப் பார்த்தால் நடுக்காலில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும். மாமா போன பிறகு எனக்கு ஒரு வருஷம் அப்படி இருந்தது. வசனங்கள் எல்லாம் ஞாபகத்தில் இருந்தன, ஒன்றும் பேசவில்லை. வந்தவர்கள் எல்லாரும் வசனம் சொன்னார்கள். ரோமர் எட்டாம் அதிகாரத்தின் 28-ஆம் வசனத்தை மட்டும் எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணவே பயந்தேன். அவர்கள்மேல் தப்பில்லை, அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் ஒவ்வொன்றும் கல் மாதிரி விழுந்தது. யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் ஏழு நாள் இராப்பகலாகத் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்த பிறகு சொன்னதற்கெல்லாம் கடைசியில் தேவனிடமே கோபத்தை வாங்கிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் ஒருநாள், தூக்கம் வராமல் புரட்டினபோது 88-ஆம் சங்கீதம் கண்ணில் பட்டது. 18 வசனம். முழுக்க முறையீடு. மற்றச் சங்கீதங்களில் அழுகிறவன் பெரும்பாலும் முடிவுக்கு முன்னால் எங்காவது ஒரு துதி சொல்லிவிடுவான். இதில் அது கிடையாது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள்தான். இப்படி ஒரு ஜெபத்தை வேதத்தில் சேர்த்து, கோயிலில் பாடவும் வைத்திருக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டேன். என் வாயில் இருந்த கசப்புக்கும் அந்தப் புத்தகத்தில் இடம் இருந்தது. அன்று ராத்திரி நான் பென்சில் எடுத்து, மாமாவைப் போலவே ஓரத்தில் தேதி போட்டேன். அவர் போட்ட தேதிகளுக்கு நடுவில் என்னுடைய முதல் தேதி அது.

காலின் கரையில் ஒரு மருதமரம் நிற்கிறது. அடைப்புக் காலத்திலும் அதன் இலை வாடாது. ஓடுகிற தண்ணீரை மட்டும் நம்பியிருந்தால் சித்திரையில் காய்ந்திருக்கும். பூவுக்குப் பூ கரை குடித்து வைத்த ஈரம் ஆழத்தில் இருக்கிறது. வேர் அங்கே போயிருக்கிறது. சின்ன வயதில் மனப்பாடம் பண்ணச் சொல்லி அடம் பிடிக்கிறோமே, அது இந்த ஈரத்துக்குத்தான்.

ஆகையால் மருமகளே, வகுப்பில் உனக்கு எந்த வசனமும் இன்னும் சொந்தமாகவில்லை என்றால் அப்படியே சொல். ஐயர் கோபித்துக்கொள்ளமாட்டார். நாற்று நட்ட அன்றைக்கே கதிர் கேட்கிறவர் யார்? ஒரு சங்கீதத்தையோ சுவிசேஷத்தில் ஒரு கதையையோ முழுசாக எடு. ஒரு மாதம் அதையே முணுமுணு. முன்னாலும் பின்னாலும் வாசி. அது செய்யச் சொல்லுகிறது எதுவோ அதைச் செய்து பார். எந்த நாளிலாவது உனக்கு நேராக அது திரும்பினால் ஓரத்தில் தேதியைப் போடு. விளக்கம் எழுத வேண்டாம். வசனத்தை எடுத்து அடுத்தவர் துக்கத்தின்மேல் மட்டும் எறியாதே.

சின்னதாக வேண்டும் என்று கேட்டாயே, அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. லாசரு செத்து நாலு நாள். அவனை எழுப்பத்தான் போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். சீஷரிடம் முன்னாலேயே சொல்லியும் இருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். அப்படியிருந்தும் மரியாள் அழுவதைப் பார்த்ததும் முதலில் அவரும் அழுதார். மூன்று சொல்லுக்குள் அவ்வளவு இருக்கிறது.

மாமாவை அடக்கம் பண்ணின அன்று உன் அப்பா கல்லறைத் தோட்டத்தில் என் பக்கத்தில் வந்து நின்றான். ஒரு வசனமும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதான். சண்டே ஸ்கூலில் வாரம் தவறாமல் சொன்னதை அன்றைக்குத்தான் அவன் சரியாக ஒப்பித்தான்.

அப்பாவிடம் இதைச் சொல்லாதே, கூச்சப்படுவான். ஆச்சி போட்ட அப்பளம் ஒரு கட்டு வைத்திருக்கிறேன். வரும்போது வாங்கிக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் அத்தை